வந்தவரைக் கேள்வி கேட்காத ஊருக்கு

அன்புள்ள பழங்காநத்தமே,

மதுரைக்கு நன்றி சொல்ல நினைக்கிறவர்கள் மீனாட்சியம்மனுக்குச் சொல்வார்கள், வைகைக்குச் சொல்வார்கள், மல்லிகைக்கும் ஜிகர்தண்டாவுக்கும்கூடச் சொல்வார்கள். உன் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. பலர் உன் பெயரைக் கண்டக்டர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். "பழங்காநத்தம் இறங்குறவங்க முன்னால வாங்க" என்பதோடு உனக்கும் அவர்களுக்குமான உறவு முடிந்துபோகும். எனக்கு அப்படி முடியவில்லை. என் குடும்பம் உன்னிடம் பட்ட கடன் தலைக்கு மேல் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிற குணம் உனக்குக் கிடையாது. ஆகவே வாங்கியவள் நான் சொல்கிறேன்.

பழங்காநத்தமே, முதல் கடன் ஒரு வீடு. கரிசல் காட்டில் மானாவாரியை நம்பிச் சலித்துப்போன என் அப்பா, ஒரு தகரப் பெட்டியோடும் அம்மாவோடும் உன்னிடம் வந்து இறங்கினார். மில்லில் பதிலி வேலை. நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால்தான் கூலி. இந்த வருமானத்தை நம்பி யார் வீடு விடுவார்கள்? உன் தெரு ஒன்றில் ஒரு வளவுக்குச் சொந்தக்கார அம்மா விட்டார். அவர் கேட்டது, "எத்தனை பேருப்பா இருப்பீக?" என்பது மட்டும்தான். என்ன ஆளுக, யார் சொல்லி வந்தீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. அட்வான்ஸ் பேச்சு வந்தபோது, "மொதச் சம்பளம் வாங்குங்க, பாப்போம்" என்றாராம். அப்பா சாகும்வரை அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழங்காநத்தமே, அந்த வளவுதான் எனக்கு முதல் பள்ளிக்கூடம். எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு கிணறு, வாசலோரம் ஓர் அடிகுழாய். விடியுமுன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். எல்லாம் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடங்கள். கழுத்தில் பெயர் வெட்டியிருக்கும்; சீர் செய்தவர் பெயரின் முதலெழுத்து, அதன் கீழே ஊர். எழுத்துக்கூட்டப் பழகிய வயதில் நான் படித்தது அந்தக் குடங்களைத்தான். சாத்தூர் ஒன்று, கயத்தாறு ஒன்று, அருப்புக்கோட்டை ஒன்று, எங்கள் அம்மாவுடையதில் விளாத்திகுளம். தென் மாவட்டங்களின் வரைபடம் எங்கள் வளவில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. ஒரு வீட்டில் "ஏட்டி" என்பார்கள், அடுத்த வீட்டில் "அடியே இவளே" என்பார்கள். புளிக்குழம்பு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. கொஞ்ச நாளில் எல்லோரும் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். மதுரைக்காரர் ஆவதற்கு நீ வைத்த பரீட்சை அவ்வளவுதான்.

பழங்காநத்தமே, எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்குமுன் மில் சங்கு இருந்தது. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பார், அப்பா டிபன் தூக்குச்சட்டியைக் கையில் எடுப்பார். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது அவர் புருவத்திலும் காதோர மயிரிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பதிலியாக இருந்தவர் நிரந்தரமானதும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் வந்ததும் தானாக நடந்தவை அல்ல என்று அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உனக்குப் பக்கத்திலுள்ள பசுமலையில், மகாலட்சுமி மில் தொழிலாளர்கள் 1938இல் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. சங்கத்துக்குத் தலைமை தாங்கிய முத்துராமலிங்கத் தேவர் அந்த அக்டோபரில் கைதாகி ஏழு மாதம் சிறையில் இருந்தார். டி.வி.எஸ். தொழிலாளர் சங்கத்தையும் அவர்தான் நடத்தினார். அந்தத் தொழிலாளிகளில் பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்து உன் பக்கத்துத் தெருக்களில் குடியிருந்தவர்கள்தான். சம்பளம் இல்லாத மாதங்களில் கடைக்காரர்கள் அரிசியும் பருப்பும் கடனுக்குக் கொடுக்காவிட்டால் எந்த வேலைநிறுத்தமும் ஒரு வாரம் தாங்காது. போராடினவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கடன் நோட்டைக் கிழித்துப் போட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் உனக்கு இந்த நன்றி.

பழங்காநத்தமே, உன் மிகப் பழைய கதையே ஒரு வெளியூர்க்காரனைப் பற்றியதுதான். கோவலன் பொட்டலைத்தான் சொல்கிறேன். புகாரிலிருந்து பிழைக்க வந்த வணிகன், மனைவியின் ஒற்றைச் சிலம்பை விற்கக் கடைவீதிக்குப் போனவன், பொற்கொல்லனின் ஒரு பொய்யால் வெட்டுப்பட்டு விழுந்த இடம் உன் மண்தான் என்று ஊர் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. காப்பியத்துக்குக் கல்வெட்டுச் சாட்சி கேட்க முடியாது. இருந்தாலும் ஓர் ஊர் எந்தக் கதையைத் தன் கதையாக வைத்துக்கொள்கிறது என்பதில் அந்த ஊரின் மனசு தெரியும். அரண்மனை இருந்த இடம் தங்களுடையது என்று எத்தனையோ ஊர்கள் பெருமை பேசும். விசாரணையில்லாமல் ஒருவனைக் கொன்ற இடம் எங்களுடையது என்று நீ சொல்லிக்கொள்கிறாய். அதை மறைக்க வேண்டுமென்று உனக்குத் தோன்றவில்லை.

பழங்காநத்தமே, அதே கதையில் வருகிற மாதரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் இருந்த இடைச்சி. கவுந்தியடிகள் ஒப்படைத்தார் என்பதற்காக, முன்பின் தெரியாத கோவலனையும் கண்ணகியையும் தன் வீட்டோடு வைத்துக்கொண்டவள். தன் மகள் ஐயையை அவர்களுக்கு உதவிக்கு விட்டவள். கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து உயிரைவிட்டவள். அரசன் செய்த தவறுக்கு ஓர் ஏழை இடைச்சி தன்னைத் தண்டித்துக்கொண்டாள். நகரம் வெளியூர்க்காரனை நடத்திய விதம் ஒன்று. நகரத்தின் ஓரத்தில் இருந்தவள் நடத்திய விதம் இன்னொன்று. நீ மாதரியின் பக்கத்து ஊர். எங்கள் வளவுக்காரம்மாவைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

பழங்காநத்தமே, கோவலன் பொட்டலுக்குக் கதை மட்டும் இல்லை, மண்ணுக்கடியில் சாட்சியும் இருக்கிறது. 1980-81 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே குழி தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. இறந்தவரின் எலும்புகளைத் தாழியில் இட்டு, பக்கத்தில் சிறு பானைகளையும் வைத்துப் புதைத்த மனிதர்கள் உன் மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள். மீனாட்சி கோயில் கோபுரங்கள் எழும்புவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே உன்னிடம் அடுப்பு எரிந்திருக்கிறது, குழந்தை அழுதிருக்கிறது, ஒப்பாரி கேட்டிருக்கிறது. இன்று கீழடிக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று பானைகளைப் பார்க்கிறோம். போக வேண்டியதுதான். ஆனால் கீழடியில் முதல் குழி தோண்டுவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே நீ உன் மண்ணைத் திறந்து காட்டிவிட்டாய். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகப் பயப்படுவோம். "பொட்டலுக்குப் போனா கோவலன் புடிச்சுக்குவான்" என்று மிரட்டுவார்கள். பாவம், அவனே பிடிபட்டவன். அவன் யாரைப் பிடிக்கப் போகிறான்?

பழங்காநத்தமே, உன் தண்ணீருக்கு நான் பட்ட கடனை எந்தக் கணக்கில் எழுதுவது? உனக்கு மேற்கே மாடக்குளம் கண்மாய். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் இந்த நகரத்தை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றே குறிக்கின்றன. தலைநகருக்கு அடையாளம் சொல்ல அவர்களுக்கு ஒரு கண்மாய் போதுமானதாக இருந்திருக்கிறது. கண்மாய்க்குக் கீழே இருப்பது மதுரை என்றால், அந்தக் கரைக்கு மிக அருகில் இருப்பவர்களில் நீ ஒருத்தி. வைகையில் தண்ணீர் வந்து, கால்வாய் வழியாகக் கண்மாய் பெருகி, மறுகால் பாய்கிற வருஷம் எங்கள் வளவுக் கிணறு தானாக ஊறும். கயிற்றின் நீளத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கண்மாய் வறண்ட வருஷம் கிணற்றடியில் சண்டை நடக்கும். "கம்மாயில தண்ணி கெடந்தா வளவுல சண்டை கெடையாது" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். நீர் மேலாண்மை பற்றிப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் சொல்லிவிடவில்லை.

பழங்காநத்தமே, வயல்களையும் நீ விட்டுக்கொடுத்தாய். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஒருகாலத்தில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடினால், முட்டளவுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பார். "இது வாய்க்கா போன தடம்மா. தண்ணி பழசை மறக்காது" என்பார். எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும் என்று அவர் சொன்னால் சொன்னபடி ஏறும். வயல் பிளாட் ஆனது, பிளாட் வீடானது, வீட்டின் மேல் மாடி ஏறியது. அந்த வீடுகளின் அஸ்திவாரத்துக்குக் கீழே நெல் விளைந்த மண் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் குடியிருக்க வேண்டும் என்பதற்காக நீ உன் நாற்றங்காலை இழந்தாய். அதற்கு நன்றி என்ற சொல் சிறியது.

பழங்காநத்தமே, உன் கிழக்கு ஓரத்தில் ஓடுகிற தண்டவாளத்தையும் மறக்கவில்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் போட்ட பாதை அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வருவதற்கு முன்னால், இலங்கைக்குக் கப்பலேறப் போனவர்களுக்கு இதுதான் வழி. தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் மதுரையைக் கடைசியாகப் பார்த்தது உன் பக்கமாகத்தான். எங்கள் காலத்தில் அது ரயில்வே கேட். கேட் போட்டுவிட்டால் உலகமே நின்றுவிடும். சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைகிறவர்களை மற்றவர்கள் திட்டுவார்கள். ரயில் தாமதமானால் திட்டியவர்களும் நுழைவார்கள். டி.வி.எஸ். நகர்க்காரரும் ஜெய்ஹிந்துபுரத்துக்காரரும் நீயும் ஒரே இடத்தில் வியர்வையோடு நின்றது அந்தக் கேட்டில்தான். என் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்ததே அங்கே நின்று பேசிய பேச்சில். இப்போது மேம்பாலம் வந்துவிட்டது. யாரும் நிற்பதில்லை, நல்லதுதான். ஆம்புலன்ஸ் நிற்காமல் போகிறது.

பழங்காநத்தமே, எங்கள் அடுப்பை அணையாமல் வைத்தது உன் பஸ் ஸ்டாண்டு. மாட்டுத்தாவணி வராத காலம். திருநெல்வேலி, நாகர்கோவில், கோவில்பட்டி, தூத்துக்குடி என்று தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் உன்னிடமிருந்துதான் கிளம்பும். பாண்டியன், கட்டபொம்மன், நேசமணி என்று நெற்றியில் பெயர் எழுதிய பஸ்கள். மில்லில் அப்பாவுக்கு வேலை இல்லாத மாதம் ஒன்றில் அம்மா இட்லி அவித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போனார். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. இரவு ஆட்டுரலில் மாவு ஆட்டிவைத்து, இரண்டரை மணிக்கு எழுந்து துணி போட்டு அவிப்பார். வாழை இலைத் துண்டில் நாலு இட்லி, பொரிகடலைச் சட்னி, மேலே பழைய பேப்பர், வாழை நாரில் ஒரு கட்டு. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கூடப் போவேன். குளிர்காலத்தில் அந்தச் சூடு சுகமாக இருக்கும்.

பழங்காநத்தமே, அம்மாவின் கடன் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு டிரைவர், கண்டக்டர் பெயர்கள் பாதி தெரியாது. அதனால் நோட்டில் ஆள் பெயருக்குப் பதிலாகப் பஸ்தான் இருக்கும். 'நாகர்கோவில் 4.30 - 6 இட்லி', 'நெல்லை 5 மணி கண்ணாடிக்காரர் - 4', 'கோவில்பட்டி புது டிரைவர் - 8, சட்னி இல்லை'. அடித்த வரிகள்தான் அதிகம். அடிக்காத வரிகள் கொஞ்சம். டெப்போ மாறிப்போன ஒருவர் தன் பாக்கியை வேறொரு கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினார். "அக்காகிட்ட சொல்லிட்டு வர முடியல, கோச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார் கொண்டுவந்தவர். எழுத்துக்கூட்டி எழுதுகிற ஒருத்தியின் நோட்டை நம்பி நாணயமாக நடந்துகொண்ட அத்தனை பேரையும் எங்களுக்கு அறிமுகம் செய்தவள் நீ.

பழங்காநத்தமே, ஒரு பெண்ணாக உனக்கு நான் தனியே நன்றி சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் கல்லூரியில் படித்த நாட்களில் பல தடவை நடுராத்திரியில் உன்னிடம் வந்து இறங்கியிருக்கிறேன். கைப்பேசி இல்லாத காலம். அழைத்துப்போக ஆள் வர முடியாது. ஆனால் நீ தூங்கியதே இல்லை. டீக்கடையில் பாட்டு ஓடும், பரோட்டாக் கல்லில் கரண்டிச் சத்தம் கேட்கும், வெள்ளரிப் பிஞ்சையும் முறுக்கையும் கூவி விற்பார்கள். நான் இறங்கியதும் டீக்கடை அண்ணன் யாரையாவது கூப்பிடுவார்: "டேய், இட்லிக்காரக்கா மக வந்திருக்கு. தெருமுக்கு வரைக்கும் போய் விட்டுட்டு வா." வருகிற பையன் பத்தடி தள்ளித்தான் நடப்பான். தெருமுக்கில் நின்று, நான் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் போவான். அந்தப் பையன்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மதுரை தூங்கா நகரம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். யாரோ ஒருவர் தூங்காமல் இருந்ததால்தான் நான் பயப்படாமல் வீடு வந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

பழங்காநத்தமே, 1999இல் பஸ்ஸெல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டன. நகரம் வளர்ந்தால் பஸ் ஸ்டாண்டு நகரத்தான் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உன் பெட்டிக்கடைகள், பழக்கடைகள், சுமைதூக்குகிறவர்கள், எங்கள் அம்மா எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. பஸ் ஏற வருகிறவர்கள் இல்லாத காலி இடத்தைப் பார்க்க அம்மா போகவே மாட்டேன் என்றுவிட்டார். நீதான் அவருக்கு வேறு வழி காட்டினாய். அதற்குள் வசந்த நகரிலும் டி.வி.எஸ். நகரிலும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் பெருகியிருந்தன. அம்மா கடனுக்கு ஒரு கிரைண்டர் வாங்கி மாவு விற்கத் தொடங்கினார். பஸ்ஸுக்கு இட்லி கொடுத்தவர், வீடுகளுக்கு மாவு கொடுத்தார். என் தம்பியின் படிப்புச் செலவு அந்த கிரைண்டரில்தான் ஓடியது. ஒரு வாசல் மூடினால் இன்னொன்றைத் திறந்துவைக்க உனக்குத் தெரிந்திருந்தது.

பழங்காநத்தமே, என் காதுக்கு நீ கொடுத்த படிப்பு ஒன்று இருக்கிறது. நடராஜ் தியேட்டர் பக்கம் போகாத கட்சி கிடையாது. 'பழங்காநத்தம் நடராஜ் தியேட்டர் அருகில் மாபெரும் பொதுக்கூட்டம்' என்ற நோட்டீஸைப் பார்க்காமல் மதுரையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஆளுங்கட்சி ஒரு வாரம் மேடை போட்டால் எதிர்க்கட்சி அடுத்த வாரம் அதே இடத்தில் போடும். மேடைக்காரர் ஒருவரே, டியூப் லைட் கட்டுகிறவர் ஒருவரே, கடலை விற்கிறவரும் ஒருவரே. எங்கள் அப்பா எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். "கேக்கறதுக்குக் காசா பணமா? கேட்டுட்டு வந்து யோசிக்கணும்" என்பார். ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்தையும் கேட்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. கல்லூரியில் அரசியல் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கில் உனக்கும் பங்கு உண்டு.

பழங்காநத்தமே, சித்திரையில் நீ கொடுக்கிற விருந்தையும் சொல்ல வேண்டும். மீனாட்சி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் கிளம்புவார். தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் கூட வருவார். பசுமலை, பைக்காரா கடந்து இரண்டு பேரும் உன் வழியாகத்தான் நகரத்துக்குள் போக வேண்டும். "தாய் தகப்பன் கல்யாணத்துக்குப் போற பிள்ளை வருது" என்று வளவுப் பெண்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார்கள். பானகமும் நீர்மோரும் தொட்டியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். மீனாட்சி கோயிலுக்குள் நெரிசலில் நின்று பார்க்க முடியாத கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், மில்லில் லீவு கிடைக்காதவர்கள் எல்லோருக்கும் சாமியே தெருவுக்கு வந்தது. ஆவணியில் புட்டுத் திருவிழாவுக்கும் முருகன் இப்படித்தான் வருவார். சாமிக்கே நீதான் வழி. பிழைக்க வந்த எங்களுக்கு நீ வழிவிட்டதில் என்ன ஆச்சரியம்?

பழங்காநத்தமே, உன் அக்கம்பக்கத்தாரால் எனக்குக் கிடைத்ததும் உன் கணக்கில்தான் சேரும். அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் தங்கள் செமினரியைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்குக் கொண்டுவந்தார்கள். 1881இல் அங்கே ஒரு கல்லூரி வகுப்பு தொடங்கினார்கள். இன்று கோரிப்பாளையத்தில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரிக்கு அதுதான் தொடக்கம். அந்தப் பசுமலையில்தான் நாவலர் சோமசுந்தர பாரதியார் குடியிருந்தார். அவரும் எங்களைப் போலத் தெற்கத்திக்காரர், எட்டயபுரம். மகாகவியின் இளமைத் தோழர். 1959இல் இறக்கும்வரை மதுரைக்காரராகவே வாழ்ந்தார். தமிழ் படித்த எனக்கு, அவர் நடந்த சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம் என்பதே ஒரு சொத்து. வாசலில் விளக்கு எரிந்ததற்குப் பைக்காராவுக்கும் ஒரு கும்பிடு. நீலகிரியில் 1932இல் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் பெயர் இங்கே மின்வாரியத்தோடு வந்து ஓர் ஊராகவே தங்கிவிட்டது. பெயர்கூட வெளியூரிலிருந்து வந்து உன் பக்கத்தில் குடியேறியிருக்கிறது, பார்.

பழங்காநத்தமே, பாராட்டிக்கொண்டே இருந்தால் நீ நம்ப மாட்டாய். அந்தக் காலத்திலும் உன் எல்லா வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தெருவுக்குத் தெரு சாதி இருந்தது, சுடுகாட்டிலும் இருந்தது. எங்களுக்குத் திறந்த கதவு வேறு சிலருக்குச் சாத்தியே கிடந்ததை நாங்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். ஆனாலும் திறந்த கதவுகள் கூடிக்கொண்டு வந்தன என்று நினைத்திருந்தேன். போன வருஷம் என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு வீடு தேடி உன் தெருக்களில் அலைந்தேன். கிரானைட் போட்ட வாசல்கள், கேமரா வைத்த கேட்டுகள். மூன்றாவது வாக்கியத்திலேயே எல்லா இடத்திலும் அந்தக் கேள்வி வந்துவிட்டது: "தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுக?" வாடகை எவ்வளவு தர முடியும் என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிற பீகார், ஒடிசா பையன்களுக்கு அந்தக் கேள்விகூட இல்லை; கேட்டிலேயே பதில். இது உன் குணம் மட்டும் இல்லை, மதுரை முழுக்க, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். ஆனால் மற்ற ஊர்களிடம் எனக்கு உரிமை கிடையாது, உன்னிடம் உண்டு.

பழங்காநத்தமே, கடன்காரியாக இருந்தாலும் உன்னிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். உன் பள்ளிப் பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போகிற வேனை, திரும்பும் வழியில் கோவலன் பொட்டலிலும் மாடக்குளம் கரையிலும் நிறுத்தச் சொல். எந்த மண்ணில் வளர்கிறோம், யார் தண்ணீரைக் குடிக்கிறோம் என்று அவர்களுக்கு வாத்தியார்கள் அங்கேயே நின்று சொல்லட்டும். அடுத்தது உன் வீட்டுக்காரர்களுக்கு. அவர்களில் பாதிப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ எங்கள் அப்பாவைப் போலத் தகரப் பெட்டியோடு வந்தவர்கள்தான். விசாரிக்காமல் வெளியூர்க்காரனைத் தண்டித்தால் என்ன நடக்கும் என்று உனக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடு கேட்டு வருகிறவரிடம் ஆதார் நகல் வாங்கிக்கொள்ளட்டும், மூன்று மாத அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளட்டும், வேலை பார்க்கிற இடத்தில் விசாரிக்கட்டும். சாதியை மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்.


உன் வளவில் வளர்ந்த ஒருத்தி